அரிசி நிறைஞ்சிருக்கு

அரிசி நிறைந்திருக்கிறது. தகர டின்னுக்குள் கையை விட்டுத் துழாவினால் நகம் அடியில் கீறுகிற சத்தம் கேட்கிறது, அந்த அளவுக்கு நிறைந்திருக்கிறது. பருப்பு போன வாரமே நிறைந்துவிட்டது. எண்ணெய் நேற்றுச் சாயங்காலம், பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கை வலிக்க நின்று கடைசிச் சொட்டையும் வாங்கிய பிறகு நிறைந்தது. உப்பு மட்டும்தான் உண்மையிலேயே கொஞ்சம் இருக்கிறது. இந்த வீட்டில் அப்படித்தான் சொல்ல வேண்டும். தீர்ந்துபோனதைத் தீர்ந்தது என்று வாய்விட்டுச் சொன்னால் அந்தப் பொருள் கோபித்துக்கொண்டு இந்த வாசல் பக்கமே வராதாம், சமையலறையில் நின்று இல்லை என்றால் இல்லாமை வந்து பாய் விரித்துப் படுத்துக்கொள்ளுமாம். அதனால் காலியான எல்லாமும் நிறைந்திருக்கிறது. நான் பின்வாசலில் குத்தவைத்து உட்கார்ந்து பனைமட்டையை ஒடித்து ஒடித்து அடுப்புக்குள் தள்ளுகிறேன், நடுநடுவே மடியில் இருக்கிற பீடி இலையை எடுத்து அளவுக்கு வெட்டிய தகரத் துண்டின் மேல் வைத்துக் கத்தரிக்கிறேன், நாளைக்குச் சுற்ற வேண்டிய இலை. அடுப்பில் பெரிய பானை, பானையில் தண்ணீர், வெறும் தண்ணீர். டின் இப்படி இருக்கும்போது எதற்கு உலை வைத்தாய் பேச்சி என்று யாராவது கேட்டால், இன்று மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளின் அப்பா பார்க்க வருகிற நாள், வந்தால் அரிசி வாங்கித் தருவார், கடை முக்கில்தான் இருக்கிறது, தண்ணீர் கொதித்துத் தயாராக இருந்தால் சட்டென்று வடித்துவிடலாம் என்று சொல்வேன். அது பாதி நிஜம். மீதிப் பாதி, புகை. புகை எழும்பினால் பிள்ளைகள் கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள். பின்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் துணி துவைக்கிற சாராளக்காவும், என்னட்டி இன்னைக்கு அடுப்பு எரியலியா என்று கேட்க மாட்டாள். ஆனால் புகை எவ்வளவு நேரம் ஓடும்? தண்ணீர் ஒருமுறை கொதித்து வற்றி, நான் ஒரு செம்பு ஊற்றி, மறுபடி கொதிக்கத் தொடங்கியிருக்கிறது. மூத்தவள் சொர்ணலதா அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்துகொள்கிற வயசு வந்துவிட்டதே என்று எனக்கு ஆத்திரமாக வருகிறது, அவள்மேல் இல்லை, யார்மேல் என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமையைக் கண்டாலே எனக்கு ஆகாது. மற்ற நாளில் பள்ளிக்கூடம் இருக்கிறது. சின்னதுகளுக்குக் காலையிலேயே உப்புமாவோ பொங்கலோ போட்டுவிடுகிறார்கள், மத்தியானம் எல்லோருக்கும் சோறும் முட்டையும். ஊரெல்லாம் பிள்ளைகளுக்கு எப்போது லீவு வரும் என்று காத்திருக்கும், நான் ஒருத்திதான் மழை பெய்து லீவு விட்டுவிடக்கூடாதே என்று வானத்தைப் பார்ப்பவள். கோடை விடுமுறையை இப்போது நினைக்க வேண்டாம். ஐந்து பிள்ளைகள், மாமா, நான். மாமா என்றால் என் மாமனார், பிள்ளைகளின் அப்பாவைப் பெற்றவர். மகன் இந்த வீட்டைவிட்டுப் போனபோது பழைய கட்டிலை விட்டுவிட்டுப் போனார், அதன்மேல் படுத்திருந்தவரையும் சேர்த்து. பாவூர்சத்திரத்தில் தனியாக ரூம் எடுத்திருக்கிறாராம். தனியாக என்று அவர் சொல்கிறார், கேட்டுக்கொள்கிறேன். இந்த மாத ரேஷன் அரிசி இன்னும் போடவில்லை, போட்டாலும் மாதத்தின் முதல் பாதியைக்கூட எட்டிப் பிடிக்காது. பீடிக் கூலி வாடகைக்கும் கரண்டுக்கும் போனது போக வருவதில்தான் இந்த அத்தனை வயிறும். சோற்றைக் கொஞ்சம் குழைய விட்டால் தட்டில் அதிகமாகத் தெரியும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, பானைதான் சொல்லித்தந்தது. குழம்பில் புளி ஒரு சுளை கூடப் போட்டால் சோறு கொஞ்சமாகப் பிசைவார்கள். வடிகஞ்சியில் உப்பைப் போட்டு முதலில் ஆளுக்கொரு டம்ளர் குடிக்கவைத்துவிட வேண்டும், அப்புறம் தட்டை வைக்க வேண்டும். ஆழமான தட்டு ஆகாது, விளிம்பு தாழ்ந்த சின்னத் தட்டுதான் நமக்கு நல்லது. நடுவில் பிறந்த பயல்கள் மூன்று பேரும் ஒருவன் தட்டை ஒருவன் பார்ப்பார்கள், அதனால் மூன்றையும் வரிசையாக வைத்து ஒரே அகப்பையில் மொத்தமாகப் பரிமாற வேண்டும். சொர்ணலதா பொம்பளைப் பிள்ளை, எனக்குப் போதும்மா என்பாள். கடைக்குட்டி மதிவதனி பள்ளிக்கூடத்து முட்டையில் பாதியைச் சட்டைப் பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்து தாத்தாவுக்கு நீட்டுவாள், மஞ்சள்கரு பையெல்லாம் ஒட்டியிருக்கும், அவளுக்கு இரண்டு அடி வைப்பேன், துணி துவைக்கிறவள் நான்தானே. தாத்தா அதையும் வாங்க மாட்டார். வயசாகிவிட்டது, பசி குறைந்துவிட்டது. ராத்திரி தட்டை வைத்தால், "வயிறு நெறஞ்சிருக்கும்மா, புள்ளைகளுக்கு வையி" என்று தள்ளிவிடுவார். கடவுளே, ஒரு தட்டாவது மிச்சமாயிற்றே என்று எடுத்து மூன்று பயல்களுக்கும் பிரித்துவிடுவேன்.

இல்லை. இந்த ஒரு வார்த்தையைத்தான் இன்றைக்கு நான் சொல்ல வேண்டும். வாசலில் வந்து நின்று, வீட்டுல அரிசி இருக்கா என்று பிள்ளைகளின் அப்பா கேட்பார், இல்லை என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். சொன்னால் இன்றைக்கு உலையில் அரிசி விழும். எவ்வளவு லேசான வார்த்தை, நாக்கு மேலண்ணத்தில் ஒருமுறை மடிந்து இறங்க வேண்டியதுதான். நான் பிறந்த இடத்தில் பச்சைப்பிள்ளைகூடச் சொல்லும். தூத்துக்குடியில் உப்பளத்துக்குப் பக்கத்துக் காலனி எங்கள் வீடு. அங்கே எதுவும் ஒளிவு கிடையாது, உப்பு வெளுப்பில் எல்லாமே கண்ணைக் குத்துகிற மாதிரி தெரியும். அம்மா வாசலில் நின்று, ஏய் சோறு இல்லட்டி, போயி படுங்க என்று கத்துவாள், நாங்களும் போய்ப் படுப்போம், பக்கத்து வீட்டிலிருந்து யாராவது ஒரு கிண்ணம் கொண்டுவருவார்கள், இல்லாவிட்டால் விடிந்துவிடும். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரம், மாமா அப்போது திடமாக இருந்தார், கடைகண்ணிக்குப் போவதெல்லாம் அவர்தான், பையை எடுத்துக்கொண்டு என்ன வாங்கணும்மா என்று கேட்டார். நான் அடுப்படியிலிருந்து, உப்பு இல்ல மாமா என்றேன். உப்பளத்துக்காரி உப்பு இல்லை என்பதில் என்ன இருக்கிறது? அவர் முகம் சுண்டிப்போனது. பையை ஆணியில் திரும்ப மாட்டினார். சத்தம் போடவில்லை, அவர் என்றைக்கும் என்னிடம் சத்தம் போட்டதில்லை. "அந்த வார்த்த நமக்கு வேண்டாம் தாயி. உப்பு நெறஞ்சிருக்குன்னு சொல்லு, நான் வாங்கியாரேன்" என்றார். நான் முழித்தேன். நிறைந்திருந்தால் எதற்கு வாங்க வேண்டும்? அவர் மறுபடியும் பையை எடுத்துக் காத்திருந்தார். நான், உப்பு நெறஞ்சிருக்கு மாமா என்றேன். அவர் சிரித்துக்கொண்டு போய் வாங்கி வந்தார். அப்போது பிள்ளைகளின் அப்பா என்ன செய்துகொண்டிருந்தார்? அதைத்தான் ஒரு மாதமாக யோசிக்கிறேன். தட்டின் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தினாரா? நிமிர்த்தவில்லை என்றுதான் ஞாபகம். செல்லில் ஏதோ பார்த்துக்கொண்டு, இல்லை, அப்போது அவரிடம் அந்த மாதிரிச் செல் ஏது, பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். பேப்பரா, தட்டா? கேட்டிருப்பாரா, கேட்டிருக்க மாட்டாரா?

போன மாதம் இதே முதல் ஞாயிறு. வாசலில் பைக்கை நிறுத்தி, இறங்காமல், ஒரு காலை ஊன்றிக்கொண்டு, பாப்பா என்று கூப்பிட்டார். மதிவதனி ஓடினாள். ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டு, "வீட்டுல அரிசி இருக்கா பாப்பா?" என்றார். நான் கதவுக்குப் பின்னால் நிற்கிறேன். என்னிடம் பேசுவதை நிறுத்தி வருஷம் திரும்பப் போகிறது, எல்லாம் பாப்பா வழியாகத்தான். அவள், நான் வளர்த்த பிள்ளை, தாத்தா பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, ஒரு விநாடி என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "நெறஞ்சிருக்குப்பா" என்றாள். சரியாகச் சொன்னாள். அன்றைக்கும் டின் இப்படித்தான் இருந்தது. "சரி" என்றார். பைக்கை உதைத்துக் கிளப்பிப் போய்விட்டார். நான் கடைக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். உலையை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். பிஸ்கட்டைப் பிள்ளைகள் பிரித்துத் தின்று முடித்து, கவரை நக்கி, கவரில் தண்ணீர் ஊற்றிக் குடித்தார்கள். அவர் வரவில்லை. அன்றைக்கு என்ன செய்தேன்? முருங்கைக்கீரையை உருவி உப்புப் போட்டு வேகவைத்தேன். அதுகூடப் பரவாயில்லை. அதற்கப்புறம் பிள்ளைகள் செலவுக்கு நான் போட்ட கேஸில் சமரசத்துக்குக் கூப்பிட்டிருந்தார்களே, கோர்ட்டுக்குப் பின்னால் அந்தச் சின்ன அறையில், அங்கே சமரசம் பேசுகிற வக்கீலம்மா முன்னால் உட்கார்ந்துகொண்டு, "நான் மாசாமாசம் போயிப் பாக்கேன் மேடம், வீட்டுல அரிசி நெறஞ்சிருக்குன்னு எம் பிள்ளையே சொல்லுது. பொறவு எதுக்கு நான் தனியாத் தரணும்?" என்றார். அந்த அம்மா கோயமுத்தூர்ப் பக்கத்து மனுஷி, நல்ல மனுஷி, என் பக்கம் திரும்பி, "ஏனுங்க, வூட்ல அரிசி இருக்குதுங்களா?" என்று கேட்டார். பேச்சி என்று பெயர் வைத்தவர்கள் ஒரு வாயையும் சேர்த்து வைத்திருக்கக்கூடாதா? சொல்லடி, இப்போது சொல்லடி என்று உள்ளே அடித்துக்கொள்கிறது, என் வாயிலிருந்து வந்தது, "நெறஞ்சிருக்குங்க." பதினாறு வருஷம் சொன்ன வாய். சொல்லிவிட்டு அழுகிறேன். அந்த அம்மா பாவம், குழம்பிப்போய், "நெறைஞ்சிருக்குதுன்னா அப்புறம் எதுக்குங்க அழுவறீங்க?" என்கிறார். இவர் மேலே சுற்றுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபேனை எதற்குப் பார்க்க வேண்டும்? ஒன்றும் தெரியாதவர் என் முகத்தை அல்லவா பார்த்திருப்பார், இவள் ஏன் அழுகிறாள் என்று. தெரிந்தவர்தான் ஃபேனைப் பார்ப்பார். ஆனால் தெரியாமலும் இருக்கலாம். இந்த வீட்டில் கடைக்குப் போனது மாமாதான், மாமா விழுந்து இடுப்பு போனபிறகு நான்தான். இவர் லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டு கேரளா, மதுரை என்று திரிந்தவர், அடுப்படிப் பேச்சு இவர் காதில் எங்கே விழுந்திருக்கும்? ஆம்பளைக்கு இதெல்லாம் தெரியாது என்று சாராளக்காகூடச் சொன்னாள். ஆனால் இந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். ஆனால் இவர் அம்மா இவர் சின்னப்பிள்ளையாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆனால் மாமா இருந்தாரே. இப்படி ஒரு ஆனாலிலிருந்து இன்னொரு ஆனாலுக்குத் தாவிக்கொண்டிருக்கிறேன், இலை வெட்டுகிற கத்தரிகூட அந்தத் தாளத்தில்தான் போகிறது, பார்த்தால் ஒரு இலையைக் கோணலாக வெட்டிவைத்திருக்கிறேன், கழிவில் போய்விடும், பீடிக் கடைக்காரன் என் கூலியில் பிடிப்பான். அவருக்குத் தெரியாது என்றால் குற்றம் என்னுடையது. பச்சைத் தமிழில் கேட்டதற்குப் பச்சைத் தமிழில் பதில் சொல்லத் துப்பில்லாதவள், பிள்ளைக்கும் அதையே பழக்கிவைத்தவள். தெரியும் என்றால்? தெரிந்துதான் பைக்கை உதைத்துக்கொண்டு போனார் என்றால்? நான் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருப்பேன் என்று தெரிந்து, பாப்பாவின் தலையைத் தடவிவிட்டு, சரி என்று சொல்லிவிட்டு. அந்த இடத்துக்கு வந்ததும் என் நினைப்பு முள்ளில் மாட்டின சேலை மாதிரி நின்றுவிடுகிறது, இழுத்தால் கிழியும். அதனால் தெரியாது என்றே வைத்துக்கொள்கிறேன். தெரியாதவரோடு பதினாறு வருஷம் குடும்பம் நடத்தினேன் என்பது தாங்கக்கூடியது. இன்னொரு பயமும் இருக்கிறது. நான் இல்லை என்று சொல்லி, அவர் அதையே பிடித்துக்கொண்டு, இவளுக்குப் பிள்ளைகளை வளர்க்க வக்கில்லை, பயல்களை ஹாஸ்டலில் போடுகிறேன் என்று, மறுபடி வரச்சொல்லியிருக்கிற வியாழக்கிழமை வக்கீலம்மா முன்னால் சொல்லிவிட்டால்? நிறைந்திருக்கிறது என்றாலும் மாட்டிக்கொள்கிறேன், இல்லை என்றாலும் மாட்டிக்கொள்கிறேன். பயல்கள் ஹாஸ்டலில் வயிறாரச் சாப்பிடுவார்கள் என்று ஒரு நினைப்பு எட்டிப்பார்க்கிறது, அதன் தலையில் ஒரு போடு போடுகிறேன். போ, உள்ளே போ.

"அம்மா, ஒல கொதிச்சிட்டா?" மதிவதனி என் முதுகில் வந்து சாய்கிறாள். வெயிலில் விளையாடின வியர்வை வாடை, அதற்கடியில் வெறும் வயிற்று வாய் வாடை. கொதிக்கி கொதிக்கி, போயி விளையாடு என்கிறேன். விளையாடினால் பசிக்கும், வேண்டாம், இங்கேயே இரு என்கிறேன். அவள் உட்கார்ந்து வெட்டின இலைத் துணுக்குகளைக் கொட்டாங்கச்சியில் போட்டு, சோறு பொங்குகிறாள். எனக்குப் பார்க்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, உதட்டை அசைத்துப் பார்க்கிறேன். இல்ல. சத்தம் வரவில்லை, காற்றுதான் வருகிறது. உள்ளே கட்டிலில் மாமா இருக்கிறார், காது நன்றாகக் கேட்கும், இடுப்புதான் போயிற்று. அவர் கேட்க அந்த வார்த்தையை நான் சொன்னதே கிடையாது. தீர்ந்துபோன மாத்திரையைக்கூட, மாத்திர நெறஞ்சிருக்கு மாமா என்றுதான் சொல்லியிருக்கிறேன், சரி தாயி, பொறவு பாத்துக்கிடலாம் என்பார். மறுபடியும் ஒருதரம். இல்ல. அரிசி இல்ல. என்னம்மா சொல்லுத என்று மதி நிமிர்கிறாள். ஒண்ணும் சொல்லல. தண்ணீர் மறுபடியும் பாதிக்கு இறங்கிவிட்டது. குடத்தில் இன்னும் ஒரு செம்புதான் வரும். அப்போதுதான் தெருமுனையில் அந்தப் பைக் சத்தம், சைலன்சர் ஓட்டை, பதினாறு வருஷமாகத் தூக்கத்தில்கூட எனக்குத் தெரிந்த சத்தம். முன்பெல்லாம் அந்தச் சத்தம் கேட்டால் தோசைக்கல்லை அடுப்பில் போடுவேன். கை இப்போதும் கல்லைத் தேடுகிறது, சனியன் பிடித்த கை.

வாசலில் பைக் நின்றது. அவர் இறங்கவில்லை. சட்டை தேய்த்துப் போட்டிருந்தார், யாரோ நன்றாகத்தான் தேய்த்துக் கொடுக்கிறார்கள். பயல்கள் மூன்று பேரும் வண்டியைச் சுற்றி நின்று கண்ணாடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். நான் மதியின் கையைப் பிடித்துக்கொண்டே வாசற்படிக்கு வந்துவிட்டேன், கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை. சாராளக்கா துவைத்த துணியைத் தெருப்பக்கத்துக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவர் என்னைப் பார்க்காமல் பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து நீட்டினார். "பாப்பா, வீட்டுல அரிசி இருக்கா?" மதி என்னைப் பார்த்தாள். "நெற" என்று தொடங்கினாள். நான் அவள் வாயைப் பொத்தினேன். சின்ன வாய், என் உள்ளங்கைக்குள் அந்த வார்த்தையின் மீதி சூடாக மோதியது.

"இல்ல" என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "அரிசி இல்ல. பருப்பு இல்ல. எண்ணெ இல்ல. ஒண்ணுமே இல்ல."

அவர் முகம் சட்டென்று மாறிவிட்டது. கோபம்கூட இல்லை முதலில், பயம். கண் என்னைத் தாண்டி வீட்டுக்குள் கட்டில் பக்கம் போய்விட்டு வந்தது. "ஏட்டி! ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? நாளும் கெழமையுமா நடுவாசல்ல நின்னு என்ன வார்த்த சொல்லுத? வீடு வெளங்குமா? நெறஞ்சிருக்குன்னு சொல்லணும்னு தெரியாதா ஒனக்கு? எத்தன வருசமா இந்த வீட்டுல இருக்க?"

அடிவயிற்றிலிருந்து சொன்னார். யோசித்துச் சொன்னதே இல்லை, சுட்டால் கையை உதறுகிற மாதிரி வந்துவிட்டது. சொல்லி முடித்தபிறகும் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரியவில்லை, மூச்சு வாங்கிக்கொண்டு என்னை முறைத்துக்கொண்டிருந்தார். ஒரு மாதமாகத் தாவித் தாவித் திரிந்த ஆனால்கள் எல்லாம் அப்படியே உட்கார்ந்துவிட்டன. முள்ளில் மாட்டியிருந்த சேலை கிழிந்துவிட்டது, கிழிந்தது கிழிந்ததுதான், இனி இழுக்க வேண்டியதில்லை.

"தெரியும்" என்றேன். "போன மாசம் பிள்ள அப்படித்தான சொன்னா. வக்கீலம்மா முன்னால நானும் அப்படித்தான சொன்னேன்."

அப்போதுதான் அவருக்கு அவருடைய வார்த்தை கேட்டது. முறைத்த கண் இறங்கியது. மேலே பார்த்தார், இங்கே ஃபேன் இல்லை. தெருவில் அவருக்குப் பார்க்க ஒன்றுமே கிடைக்கவில்லை, கடைசியில் பைக்கின் பெட்ரோல் டேங்கைத் துடைத்தார். சாராளக்கா ஈரச்சேலையைக் கையில் பிடித்தபடியே நின்றாள். "அப்பம் ஒனக்குத் தெரிஞ்சுதாம்ல இருந்திருக்கு, மாசானம்?" என்றாள். அவள் இவரைச் சின்னப்பையனாகப் பார்த்தவள், அதனால் லே போட்டுத்தான் பேசுவாள். அவர் டேங்கைத் துடைத்துக்கொண்டேயிருந்தார். "பேச்சி, வியாழக்கெழம எத்தன மணிக்குப் போணும்? நானும் வாரேன். நான் சொல்லுதேன் அந்த வக்கீலம்மாட்ட, எங்க ஊருல இதுக்கு என்ன அர்த்தம்னு" என்றாள். அவர் பைக்கை உதைத்தார். முதல் உதையில் கிளம்பவில்லை. பயல்கள் விலகி நின்றார்கள். போகிற போக்கில், "கடையில சொல்லிட்டுப் போறேன்" என்று டேங்கைப் பார்த்தே சொன்னார். சத்தம் கடை முக்கில் ஒருமுறை நின்றது, அப்புறம் பாவூர்சத்திரம் போகிற பக்கம் போய்விட்டது. நான் அழுவேன் என்று நினைத்தேன். அழுகை வரவில்லை, பசிதான் வந்தது. காலையிலிருந்து எனக்கும் வயிறு இருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது.

கடைக்காரர் கொடுத்துவிட்டது பெரிய சிப்பம் இல்லை, சின்னப் பை. இந்த வாரத்தைக்கூடத் தாண்டாது. சொர்ணலதா அதை இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள், பயல்கள் பின்னாலேயே ஊர்வலம் வந்தார்கள். கடைசிச் செம்புத் தண்ணீரையும் ஊற்றி, அரிசியை அரித்துப் போட்டேன். பானைக்குள் அரிசி விழுகிற சத்தம் அடங்கி, பொங்கி, மூடி தட்டி, குழைகிறவரைக்கும் அடுப்பைவிட்டு நான் நகரவில்லை. யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று ஒரு கிறுக்குப் பயம். வடிகஞ்சியில் உப்புப் போட்டு ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தேன். தட்டுகளை வரிசையாக வைத்தேன். சாராளக்கா சுவருக்கு மேல் ஒரு கிண்ணம் ரசம் நீட்டினாள். நான் இல்லை என்று சொன்னது ஊர் முழுக்கக் கேட்டுவிட்டது போலிருக்கிறது, என் அம்மா வீட்டு வாசல் ஞாபகம் வந்தது. கட்டில் பக்கத்தில் மாமாவின் தட்டை வைத்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அந்த வார்த்தை அவர் காதில் விழாமல் இருந்திருக்காது, மகன் சொன்னதும் விழாமல் இருந்திருக்காது. திட்டப்போகிறார் என்று நின்றேன். திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டி, தட்டைத் தள்ளினார்.

"எனக்கு வேண்டாம் தாயி. புள்ளைகளுக்கு வையி. வயிறு நெறஞ்சிருக்கு."

தட்டை எடுக்கக் குனிந்துவிட்டேன். பழக்கம், கை தானாகப் போய்விட்டது. பயல்கள் மூன்று பேரும் அந்தத் தட்டையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இது எப்படியும் நம்மிடம்தான் வரும் என்று. குனிந்தபடியே நின்றுவிட்டேன். வயிறு நெறஞ்சிருக்கு. யார் சொல்வது? தன் வாயால் இல்லை என்ற வார்த்தையைச் சொல்லியே அறியாத மனுஷன். எத்தனை ராத்திரி சொன்னார். எத்தனை ராத்திரி நான் அதை எனக்கு வசதியான அர்த்தத்தில் கேட்டுக்கொண்டு, தட்டை எடுத்துக்கொண்டு போனேன், அவர் மகன் பைக்கை உதைத்துக்கொண்டு போன மாதிரியே. எலும்புக் கை, மணிக்கட்டில் தோல் தொங்குகிறது. தினமும் பார்க்கிற கைதான்.

நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் தோளுக்குக் கீழே கையைக் கொடுத்துத் திருப்பி, நிமிர்த்தி உட்காரவைத்தேன். கனமே இல்லை. தட்டை எடுத்து அவர் மடியில் வைத்தேன். "தெரியும் மாமா" என்றேன். "நானும் இந்த வீட்டுக்காரிதான. சாப்பிடுங்க." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டையும் தள்ளவில்லை. சோற்றின் மேல் கையை வைத்தார். அப்புறம் பிசையத் தொடங்கினார். முதல் கவளத்தை மெதுவாகத்தான் எடுத்தார். இரண்டாவதற்கு மேல் பொறுக்கவில்லை, சின்னப் பயல்கள் தின்கிற மாதிரி குனிந்து, வாய்க்கும் தட்டுக்கும் இடைவெளி விடாமல் அள்ளினார், மீசையில் பருக்கை ஒட்டியது, மூச்சு சத்தமாக வந்தது. பிள்ளைகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள். மதி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், சொர்ணலதா அவள் தொடையைக் கிள்ளினாள். தட்டு காலியானது. விரலால் விளிம்பைச் சுற்றி வழித்துவிட்டு, வெட்கத்தோடு, என்னைப் பார்க்காமலே, "இன்னும் கொஞ்சம் இருக்கா தாயி?" என்று கேட்டார்.

"இருக்கு மாமா" என்றேன்.